மாத்திரையா, பயிற்சியா, இரண்டுமா? ஏடிஎச்டிக்கான சிகிச்சை வழிகளை எடைபோடுதல்

பிள்ளைக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னவுடனேயே பெரும்பாலான குடும்பங்களில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. மருந்து கொடுத்துப் பார்த்துவிடலாம் என்பது ஒரு கட்சி. இந்த வயதில் மூளைக்கு மருந்தா, கொஞ்சம் கண்டிப்பாக வளர்த்தால் தானே சரியாகிவிடும் என்பது மறு கட்சி. முப்பது வயதுக்கு மேல் தனக்கே இந்தக் குறைபாடு இருப்பதை அறிந்துகொள்பவருக்கு இதே வாக்குவாதம் மனத்துக்குள் நடக்கிறது. இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் தவறவிடுவது ஒன்று உண்டு. மருந்து செய்யும் வேலையும் பயிற்சி செய்யும் வேலையும் வெவ்வேறு. யாருக்கு, எந்த வயதில், எந்தத் தொல்லையைக் குறைப்பதற்காக என்பதை முதலில் முடிவுசெய்யாமல் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் விடை கிடைக்காது.

அதற்கும் முன்னால், நோயறிதல் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்க்க வேண்டும். ஏடிஎச்டியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இன்றுவரை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 வகைப்பாடு, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகை இயக்கம், யோசிக்காமல் செயல்படும் உந்துதல் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 9 அறிகுறிகளையும் தருகிறது. ஏதேனும் ஒரு தொகுதியில் குழந்தைகளுக்குக் குறைந்தது 6 அறிகுறிகள், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தது 5 அறிகுறிகள், ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்; அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்; வீடு, பள்ளி, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு சூழல்களில் வெளிப்பட வேண்டும்; படிப்பையோ வேலையையோ உறவுகளையோ பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்; வேறொரு காரணத்தால் இவற்றை விளக்கிவிட முடியக்கூடாது. கடைசி நிபந்தனைதான் அவசரமான மதிப்பீடுகளில் அதிகமாகக் கைவிடப்படுகிறது.

நடைமுறையில் மூன்று வகை மதிப்பீடுகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, சிறிது நேர உரையாடலும் ஒரு வினாத்தாளும். வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற வினாத்தாள்கள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனியாகத் தரப்படுபவை; பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் பங்களிப்போடு உருவான ஏஎஸ்ஆர்எஸ் என்ற 18 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, அதில் 6 கேள்விகள் முதற்கட்ட வடிகட்டலுக்கு உரியவை. இவை சந்தேகத்தை எழுப்பும் கருவிகளே ஒழிய முடிவு சொல்லும் கருவிகள் அல்ல. இரண்டாவது, கணினித் திரையில் எழுத்துகள் தோன்றும்போது பொத்தானை அழுத்தச் சொல்லும் கவனத் தேர்வும், மூளை அலைப் பதிவும். எண்களும் வரைபடங்களும் அச்சிட்டுத் தரப்படுவதால் இவை அறிவியல்பூர்வமாகத் தோன்றுகின்றன. ஆனால் அமைதியான அறையில் புதிய விளையாட்டைப் போலிருக்கும் ஒன்றை ஏடிஎச்டி உள்ள சிறுவன் நன்றாகவே செய்து முடிக்கலாம். இரவு சரியாகத் தூங்காத, அல்லது பதற்றம் மிகுந்த வேறொரு சிறுவன் அதே தேர்வில் தோற்கலாம். துணைத் தகவலாக வைத்துக்கொள்ளலாமே தவிர, இவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல.

மூன்றாவது வழி நேரம் பிடிக்கும், ஆனால் நான் பரிந்துரைப்பது அதைத்தான். குழந்தைநல மருத்துவரோ மனநல மருத்துவரோ பிறப்பிலிருந்து வரலாற்றைக் கேட்டு, பள்ளியிலிருந்து தகவல் பெற்று, இதைப் போலவே தோற்றமளிக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கும் முறை அது. குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தைக்கு மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை அல்லது டான்சில் வீக்கத்தால் தூக்கம் கெட்டிருக்கலாம். பகலில் அது கவனக்குறைவாகவும் அடங்காத்தனமாகவும் வெளிப்படும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும். வாசிப்புப் பாடத்தில் மட்டும் நெளிந்து, கணக்கிலும் ஓவியத்திலும் ஒழுங்காக உட்காருபவனுக்கு வாசித்தல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செவித்திறன், பார்வை, தைராய்டு, இரும்புச்சத்து, மனப்பதற்றம், வீட்டில் நிகழும் வன்முறை ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு: பல நாடுகளில், ஒரே வகுப்பில் வயதில் மிக இளைய பிள்ளைகளுக்கே ஏடிஎச்டி முத்திரை அதிகம் விழுகிறது. பதினோரு மாதம் மூத்த வகுப்புத் தோழனோடு ஒப்பிடும்போது குழந்தைத்தனம் நோயாகத் தெரிந்துவிடுகிறது.

பெண் குழந்தைகள் விஷயத்தில் பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. மேசை மேல் ஏறாமல், யாரையும் அடிக்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமியைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை. அவள் பெரியவளான பின், மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சைக்கு வரும்போதுதான் அடியில் இருந்தது கவனக்குறைவு என்று தெரியவருகிறது. குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினருக்கும் ஏடிஎச்டி இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரியவர்களுக்கான மதிப்பீட்டில் பழைய பள்ளி அறிக்கைகளும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரின் நினைவும் மிக முக்கியம். ஏனென்றால் 35 வயதில் புதிதாகத் தொடங்கிய மறதிக்கும் கவனச்சிதறலுக்கும் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

நோயறிதல் உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். இனி மருந்துகளைப் பார்க்கலாம்.

இவற்றில் இரு வகை உண்டு. ஊக்கி மருந்துகள் எனப்படும் மெதில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்தவையும் முதல் வகை. நீண்டகால அனுபவம் இல்லாத புதிய மருந்துகள் என்று இவற்றைப் பற்றிச் சொல்லப்படும் குறை பொருந்தாது: 1937-இலேயே சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளிடம் ஆம்ஃபெட்டமின் வகை மருந்து படிப்பில் ஏற்படுத்திய முன்னேற்றத்தைப் பதிவுசெய்தார், மெதில்ஃபெனிடேட் 1944-இல் உருவாக்கப்பட்டு 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் மூளையின் முன்பகுதியில் சற்று அதிக நேரம் செயல்பட இவை வழிசெய்கின்றன. பலன் அன்றே தெரியும். சாதாரண மெதில்ஃபெனிடேட் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலைசெய்யத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். முதலில் தரப்படும் ஊக்கி மருந்துக்கே சுமார் 70 விழுக்காட்டினர் நல்ல பலன் காண்கிறார்கள். அது பொருந்தாதவர்களில் பலருக்கு மற்ற வகை பொருந்துகிறது. மனநல மருத்துவத்தில் இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு பேருக்கும் பலன் தரும் மருந்துகள் குறைவு.

யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது எடுப்பவருக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி நடத்தப்படும் இரட்டை மறைப்புச் சோதனைகள் 133-ஐத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பலனையும், பக்கவிளைவுகளைத் தாங்கிக்கொள்ள முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மெதில்ஃபெனிடேட்டையும், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையையும் முதல் தெரிவாக முன்வைத்தது. ஆனால் அது ஒப்பிட்டது ஏறக்குறைய மூன்று மாதங்களில் தெரியும் பலனையே. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு மெதில்ஃபெனிடேட் சோதனைகளின் தரம் குறைவு என்று விமர்சித்ததையும் மறைக்கக் கூடாது. குறுகிய காலப் பலனுக்குச் சான்று வலுவாக உள்ளது; பல ஆண்டுகளுக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்பதற்கான சான்று அந்த அளவுக்கு வலுவானதல்ல.

பக்கவிளைவுகளில் பசிக்குறைவுதான் அன்றாடம் கண்ணில் படுவது. காலையில் மாத்திரை போட்டுச் சென்ற பிள்ளையின் மதிய உணவு அப்படியே திரும்பி வரும். மாலையில் மருந்தின் வீரியம் அடங்கியதும் ஒரேயடியாகப் பசிக்கும், அதே நேரத்தில் எரிச்சலும் அழுகையும் வரும். மருந்து ஒத்துவரவில்லை என்று பல பெற்றோர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலையுணவு, மாலையில் ஒரு முழு உணவு, தேவைப்பட்டால் அளவையோ மருந்தின் வடிவத்தையோ மாற்றுதல் ஆகியவற்றால் இதில் பெரும்பகுதி சமாளிக்கக்கூடியதே. தூக்கம் தாமதமாவது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று உயர்வது, உயர வளர்ச்சி சிறிதளவு குறைவது ஆகியவையும் உண்டு. எனவே உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பார்க்காமல் மருந்துச்சீட்டை மட்டும் புதுப்பித்துக் கொடுக்கும் சிகிச்சை முறையான சிகிச்சை அல்ல. பிறவி இதயக் கோளாறோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணமோ இருந்தால் தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கு அடிமையாகிவிடுவான் என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, மருத்துவர் கண்காணிப்பில் ஊக்கி மருந்து எடுத்துக்கொண்ட பிள்ளைகள் பிற்காலத்தில் போதைப்பழக்கத்துக்கு ஆளாவது கூடுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை.

ஊக்கி அல்லாத மருந்துகள் இரண்டாம் வகை. அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற அட்டோமாக்ஸெட்டின் நாள் முழுவதும் வேலைசெய்யும்; போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும், ஊக்கி மருந்துகளின் அளவுக்குப் பலன் தருவதும் இல்லை. பிள்ளைகளுக்குத் தொடங்கும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்கும்படி அதன் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. இதே வகையைச் சேர்ந்த குவான்ஃபசினும் குளோனிடினும் தூக்கக் கலக்கத்தையும் ரத்த அழுத்தக் குறைவையும் தரக்கூடியவை. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஊக்கி மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கும், போதைப்பொருள் சிக்கல் உள்ள வீட்டுக்கும், உடல் வெட்டிவெட்டி இழுக்கும் டிக் அல்லது கடும் பதற்றம் கூடவே இருக்கும் பிள்ளைக்கும் இவற்றைப் பரிசீலிக்கலாம். மற்றவர்களுக்கு, 'மென்மையான மருந்து' என்ற எண்ணத்தில் இவற்றை முதலில் கேட்டு வாங்குவதில் லாபம் எதையும் நான் காணவில்லை.

பயிற்சி என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு தேவை. குழந்தையைத் தனியறையில் உட்காரவைத்து வாராவாரம் அறிவுரை சொல்வதற்கு ஏடிஎச்டியில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. தனக்கு என்ன தெரிய வேண்டுமோ அது அந்தக் குழந்தைக்குத் தெரியும், தேவைப்படும் நொடியில் செய்ய முடியாமல் போவதுதான் சிக்கல். சான்று இருப்பது, சுற்றியுள்ள பெரியவர்களுக்குத் தரப்படும் பயிற்சிக்கு. பல வாரங்கள் நடக்கும் பெற்றோர் பயிற்சியில் கற்றுத்தரப்படுபவை எளியவையாகத் தோன்றும். அடுத்த அறையிலிருந்து 'பையை எடுத்து வை, சீருடையை மாற்று, கை கழுவிவிட்டு வா' என்று மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் கத்துவதற்குப் பதிலாக, அருகில் சென்று, கண்ணைப் பார்த்து, 'பையை அலமாரியில் வை' என்று ஒன்றை மட்டும் சொல்லி, அவன் நகரும்வரை ஐந்து விநாடி வாய்மூடிக் காத்திருந்து, வைத்தவுடன் அதைச் சுட்டிப் பாராட்டுவது. பாராட்டு மாலைக்குத் தள்ளிப்போனால் பயன் பாதியாகிவிடும். பள்ளியில் இதற்கு இணையானது, இரண்டு மூன்று இலக்குகளை மட்டும் எழுதி ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் குறியிடும் தினசரி அட்டை. இதில் பக்கவிளைவு ஏறத்தாழ இல்லை. ஆனால் செலவில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. களைத்துப்போன பெற்றோர் மாதக்கணக்கில் தவறாமல் செய்தாக வேண்டும்; ஏடிஎச்டி பெருமளவு மரபுவழி வருவது என்பதால் அந்தப் பெற்றோரில் ஒருவருக்கும் அதே குறைபாடு இருக்கும் வாய்ப்பு குறைவல்ல.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரியது, அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான எம்டிஏ ஆய்வு. 7 முதல் 9 வயதுவரையுள்ள 579 குழந்தைகளை நான்கு பிரிவுகளாகப் பிரித்து 14 மாதங்கள் கவனித்தார்கள்: கவனமாக அளவு நிர்ணயிக்கப்பட்ட மருந்து, தீவிர நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்த்து, வழக்கமான உள்ளூர் சிகிச்சை. கவனக்குறைவு, மிகை இயக்கம் ஆகிய மைய அறிகுறிகளில் மருந்துப் பிரிவு பயிற்சிப் பிரிவைத் தெளிவாக விஞ்சியது; இரண்டையும் சேர்த்ததால் அந்த அறிகுறிகளில் பெரிய கூடுதல் லாபம் வரவில்லை. ஆனால் முரட்டுத்தனம், பதற்றம், பெற்றோரோடு உறவு, சமூகத்திறன் போன்றவற்றில் இணைச் சிகிச்சை முன்னேற்றம் காட்டியது, அதுவும் குறைந்த அளவு மருந்திலேயே. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலோர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தும் பின்தங்கினார்கள் என்பது, என் பார்வையில், இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி. மாதாமாதம் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு, அளவைத் திருத்திய மருந்துக்கும், ஒருமுறை எழுதிக்கொடுத்துவிட்ட மருந்துக்கும் அவ்வளவு வேறுபாடு இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் பிரிவுகளுக்கிடையேயான வேறுபாடுகள் மறைந்துவிட்டன. மருந்து பயனற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. தீவிரக் கண்காணிப்பு முடிந்து குடும்பங்கள் தத்தம் வழியில் போய்விட்ட பிறகு எடுக்கப்பட்ட கணக்கு அது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஆக, முடிவை வயதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆறு வயதுக்குக் கீழ் பெற்றோர் பயிற்சியே முதலில் வர வேண்டும். இவ்வயதில் மருந்தின் பலன் குறைவாகவும் பக்கவிளைவு கூடுதலாகவும் இருக்கின்றன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் தந்த வழிகாட்டுதலும் இந்த இடத்தில் பெரிதும் ஒத்துப்போகின்றன, பிரிட்டன் வழிகாட்டுதல் எல்லையை ஐந்து வயதில் வைக்கிறது என்பதைத் தவிர. பள்ளி வயதில் அவை சற்றே பிரிகின்றன: அமெரிக்க வழிகாட்டுதல் ஆறு வயதிலிருந்து மருந்தையும் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது, பிரிட்டன் வழிகாட்டுதல், வகுப்பிலும் வீட்டிலும் மாற்றங்கள் செய்த பிறகும் பாதிப்பு தொடர்ந்தால் மருந்து என்கிறது. பாதிப்பு மிதமாக இருந்து, பள்ளி ஒத்துழைத்தால் நான் இரண்டாவது வரிசையை விரும்புவேன். பிள்ளை சாலையில் குறுக்கே ஓடுகிறான், வகுப்பிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில் இருக்கிறான், தன்னை முட்டாள் என்று தானே சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டான் என்றால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அங்கே மருந்தைத் தள்ளிப்போடுவது கவனமான முடிவு ஆகாது. பதின்பருவத்தில் பெரிய தடை, மாத்திரையை அவர்களே நிறுத்திவிடுவது. அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எதை மாற்ற விரும்புகிறார்கள் என்று கேட்டு எடுக்கப்படாத முடிவு அதிக நாள் நிற்பதில்லை.

பெரியவர்களுக்கு மருந்து முதலிடம் பெறுகிறது. சுவீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில், ஏடிஎச்டி உள்ள ஆண்களிடம் மருந்து எடுத்த காலங்களில் கடுமையான சாலை விபத்துகள் குறைந்திருந்தன. ஆனால் மாத்திரை கவனத்தைத் தருமே தவிர, அதை எதன்மீது செலுத்துவது என்று சொல்லாது. காலை முழுவதும் மிகுந்த ஈடுபாட்டோடு மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்குபடுத்திவிட்டு, அன்று முடிக்க வேண்டிய அறிக்கையைத் திறக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நிரப்புவது இந்த இடைவெளியை: ஒரே நாட்குறிப்பு, ஒரே பணிப்பட்டியல், பெரிய வேலையைப் பத்து நிமிடத் துண்டுகளாக்குதல், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற எண்ணம் வரும்போது அதை அடையாளம் காணுதல். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும், உயர் ரத்த அழுத்தமோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்களும் மருந்தை முடிவுசெய்யும் முன் மருத்துவரிடம் அதைத் தனியாகப் பேச வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூரோஃபீட்பேக் எனப்படும் மூளை அலைப் பயிற்சிக்குப் பெற்றோர் தரும் மதிப்பெண்களில் பலன் தெரிகிறது. யாருக்கு உண்மைப் பயிற்சி தரப்பட்டது என்று அறியாதவர்கள் மதிப்பிடும்போது அது பெரும்பாலும் காணாமல் போகிறது. ஒமேகா-3 கொழுப்பின் பலன் மிகச் சிறியது. செயற்கை நிறமிகள் சில குழந்தைகளிடம் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டுவதாகச் சான்று உண்டு, ஆகவே தவிர்ப்பதில் நட்டமில்லை. சர்க்கரை காரணம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. 8 முதல் 12 வயதினருக்கான ஒரு கணினி விளையாட்டுச் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் அனுமதி தந்தது. கவனத் தேர்வில் மதிப்பெண் கூடியது, அன்றாட நடத்தையில் அந்த அளவு மாற்றம் இல்லை. உடற்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் எல்லோருக்கும் நல்லவை, ஆனால் அவை துணைதான்.

மருந்தைத் தொடங்குவது என்று முடிவானால், அதை நிரந்தர ஒப்பந்தமாக நினைக்கத் தேவையில்லை. ஊக்கி மருந்தைச் சோதித்துப் பார்த்து நிறுத்திவிடவும் முடியும். தொடங்கும் முன் மாற வேண்டியவை என்று இரண்டு மூன்றை எழுதிவைத்துக்கொள்வது நல்லது: வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்து எழும் எண்ணிக்கை, ஆசிரியரின் குறிப்புகள், காலையில் கிளம்ப ஆகும் நேரம். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் அந்த வாரங்களில் ஆசிரியரிடமிருந்து வாராவாரம் ஒரு வினாத்தாள் கிடைத்தால், வீட்டு அபிப்பிராயங்களின் சண்டைக்கு இடம் குறையும். பலன் இல்லாவிட்டாலோ, பிள்ளை தன் இயல்பான கலகலப்பை இழந்து மந்தமாகிவிட்டாலோ, அளவு தவறு அல்லது மருந்து தவறு. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பலன் இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இன்னும் தேவையா என்று மருத்துவரோடு பேசி, சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம். அந்த வாரங்கள் தேர்வுக்கு முன்போ, புதிய பள்ளியின் முதல் மாதத்திலோ, புதிய வேலையில் சேர்ந்தவுடனோ வராதபடி பார்த்துக்கொள்வதும், நிறுத்தியிருப்பது தெரியாத ஓர் ஆசிரியரிடம் அந்நாட்களைப் பற்றிக் கேட்பதும், கிடைக்கும் விடையை நம்பத்தக்கதாக்கும்.